இரைச்சலுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இசையை விரும்பாதவர் எவரும் இலர் என்பார்கள். இரைச்சலை விரும்பிக் கேட்பவர் எவரேனும் உண்டா? உண்டு என்பேன் நான். சென்ற கோடை விடுமுறையில் தொடங்கி ஆடி மாதம் வரை நான் உட்கார்ந்து கேட்டது இரைச்சலைத்தான். கிட்டாருக்கென்று நானே செய்த ஓர் எதிரொலிக் கருவி, எதிரொலியோடு சேர்த்து இரைச்சலையும் தாராளமாக வழங்கியது. அந்த இரைச்சலைத் துரத்திக்கொண்டு போனதில் நான் கற்றவை சில. அவற்றுள் ஒன்று நம் செய்முறை வகுப்புகளுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். அதனை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் இந்த ஆண்டு மலரின் வாயிலாக வைக்க விரும்புகிறேன். பிழையிருப்பின் சுட்டிக் காட்டுக! இக்கட்டுரையே பிழைகளைப் பற்றியதுதானே!

கருவியும் காரணமும்

கிணற்றுக்குள் குனிந்து "ஓ" என்று கூவினால் கிணறு நமக்கு அதையே திருப்பிச் சொல்கிறது. சிறு வயதில் இந்த விளையாட்டை விளையாடாதவர் நம்மில் யார்? கிட்டார் வாசிப்பவரின் காலடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். காலால் மிதித்தால், வாசித்த சுரத்தைச் சற்றுப் பொறுத்து மீண்டும் ஒலிக்கும். கிணறு செய்கின்ற அதே வேலையை அந்தப் பெட்டி மின்சாரத்தால் செய்கிறது. டிலே பெடல் என்று அதற்குப் பெயர். 340 மில்லி வினாடி கழித்து ஒலி திரும்பி வருகிறது என்றால், ஏறத்தாழ 58 மீட்டர் தொலைவில் ஒரு பெருஞ்சுவர் நின்று எதிரொலிப்பது போன்ற உணர்வு உண்டாகும். அவ்வளவு பெரிய வெளியை ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கிவிடலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பகலில் அச்சகத்தில் வேலை. இரவில் மெல்லிசைக் குழுவில் கிட்டார். கடையில் விற்கும் எதிரொலிக் கருவியின் விலையைக் கேட்டுவிட்டு வந்து, "தம்பி, நீதான் இயற்பியல் படிக்கிறியே, ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார். ஆடித் திருவிழாக் கச்சேரிக்கு வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். 'நீ படித்தது எதற்குப் பயன்படும்?' என்று ஊர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. விடுவேனா? ஒப்புக்கொண்டேன்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பொருள்களை வாங்கி வந்தேன். அம்மா கொடுத்த 850 ரூபாயில் மீதம் வந்தது பேருந்துக் கட்டணம் மட்டுமே. கருவியின் இதயம் பி.டி. 2399 என்னும் ஐ.சி. பதினாறு கால்கள் கொண்ட அந்தச் சிறு துண்டு, வரும் ஒலியை ஒன்றும் சுழியுமாக மாற்றித் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஒலியாக வெளியே விடுகிறது. ஆறாம் காலில் இணைக்கும் மின்தடையைக் கூட்டினால் உள்ளே இருக்கும் துடிப்பு மெதுவாகும், எதிரொலி தாமதமாகும். கிட்டாரின் மெல்லிய மின்னோட்டத்தை வாங்கிக் கொடுக்க டி.எல். 072 என்னும் மற்றோர் ஐ.சி.; ஒன்பது வோல்ட்டை ஐந்து வோல்ட்டாக்க ஒரு 7805. கைக்குக் கிடைத்த வரைபடத்தைப் பார்த்து ஈயம் வைத்து முடித்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடைத்தேன்.

கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மிதித்தார். எதிரொலி வந்தது; அதற்கு முன்பே உறுமல் வந்தது, அதன்மேல் கொசு போல ஒரு கீச்சொலி வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் உஸ்ஸென்று ஒரு சீற்றமும் வந்தது. தபேலாக்காரர், "மழை வருதாப்பா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "பி.எஸ்ஸி. படிக்கிற பையன் செஞ்சது" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கேலியாகத்தான் சொன்னாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆயினும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முதலில் நான் செய்த தவறு

மறுநாள் நான் செய்தது என்ன தெரியுமா? இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே இல்லை. அதை எப்படி மறைப்பது என்றுதான் பார்த்தேன். கருவியின் வெளியேறும் முனையில், பாடத்தில் மின்தேக்கி என்றும் கடையில் கண்டன்சர் என்றும் சொல்கிறோமே, அதில் சற்றுப் பெரியதாக ஒன்றை எடுத்துப் பொதுக் கம்பிக்கு இணைத்தேன். உயர் அதிர்வெண்கள் அந்த வழியாக இறங்கிப் போய்விடும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், கீச்சொலியும் சீற்றமும் பெரும்பாலும் அடங்கின. ஆனால் அண்ணன் வாசித்தபோது கிட்டார் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஒலித்தது. கம்பியின் கணீரென்ற ஓசை போய்விட்டது. உயர் அதிர்வெண்களில் இரைச்சல் மட்டுமா இருக்கிறது? இசையும் அங்கேதான் இருக்கிறது. இரைச்சலை மூடப் போய் நான் இசையின் வாயையே மூடியிருந்தேன்.

பிறகு பொறுமை இழந்து, ஒரே மாலையில் அடாப்டரை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன், ஐ.சி.யையும் மாற்றினேன். உறுமல் கூடியது, கீச்சொலி குறைந்தது. எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று சொல்ல எனக்கே வழியில்லை. ஓராண்டு இயற்பியல் படித்தவன் செய்கின்ற வேலையா இது?

மொட்டை மாடியில் ஒரு பாடம்

என் தந்தை கொத்தனார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று அழைத்திருந்தார்கள். கூட மாட ஒத்தாசைக்கு நானும் போனேன். கூடத்தின் நடுவே கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. நான் அந்த இடத்துக்கு நேர் மேலே மாடியில் போய் நின்று, "இங்கதாம்ப்பா" என்றேன். அப்பா சிரித்தார்.

"ஈரம் தெரியற எடத்துல ஓட்டை இருக்கும்னு நெனைக்காதடா. தண்ணி எங்கேயோ எறங்கும், எங்கேயோ சொட்டும். ஒரு ஒரு எடமாத்தான் ஊத்திப் பாக்கணும்" என்றார்.

மாடியை நான்கு பாத்தியாக மண் அணை கட்டிப் பிரித்தார். ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் நிறுத்தினார். கீழே போய்ப் பார்த்தார், காத்திருந்தார், சொட்டவில்லை. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த பாத்தி. மூன்றாம் பாத்தியில்தான் கீழே சொட்டியது. ஈரம் தெரிந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளி, கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் இருந்தது விரிசல். ஒன்றரை நாள் வேலையில் ஒரு நாள் ஓட்டையைக் கண்டுபிடிக்க. அரை நாள் அதை அடைக்க.

ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைக் கவனி, பிறகு அடுத்ததற்குப் போ என்று முதலாண்டில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நான் அதை எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது என்ன என்பதை அன்று அந்த மாடியில்தான் விளங்கிக்கொண்டேன்.

பாத்தி கட்டிப் பார்த்தேன்

அன்று மாலை ஒரு குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் 'என்ன மாற்றினேன்'. வலப்பக்கம் 'என்ன கேட்டது'. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வெளியே வைத்த அந்தப் பெரிய கண்டன்சரையும் முதலில் கழற்றி எறிந்தேன். நோய் முழுதாகத் தெரிந்தால்தானே மருந்து!

முதற்கேள்வி: இரைச்சல் மின்வழங்கியிலிருந்து வருகிறதா? அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஒன்பது வோல்ட் மின்கலத்தை வைத்தேன். கீச்சொலி அடியோடு நின்றது. உறுமலும் சீற்றமும் அப்படியே இருந்தன. ஆக, இரைச்சல் ஒன்றன்று, பல. அவற்றின் ஊற்றும் வெவ்வேறு! இந்த ஓர் உண்மை அத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று. இக்கால அடாப்டர்கள் மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டித் தருபவை. தரம் குறைந்ததானால் அந்த வெட்டின் சுவடு வெளியே வரும் மின்னழுத்தத்தில் தங்கிவிடும். அதை வடிகட்ட, மின்வழியில் ஒரு மின்தடையும் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் வைத்தேன். முதலில் 220 ஓம் வைத்தேன். கீச்சொலியும் போயிற்று, எதிரொலியும் போயிற்று! ஏன்? சுற்று இழுப்பது 20 மில்லி ஆம்பியர் அளவு. 220 ஓமில் 4.4 வோல்ட் வீணாகிவிட்டால் 7805 எதைக் கொண்டு ஐந்து வோல்ட் தரும்? ஓமின் விதியைப் பத்தாம் வகுப்பிலிருந்து ஒப்பித்து வருகிறேன். அது என் கையைப் பிடித்து இழுத்தது அன்றுதான். 22 ஓம் வைத்தேன். இழப்பு அரை வோல்ட்டுக்குள். வடிகட்டும் எல்லை ஏறத்தாழ 15 ஹெர்ட்ஸ். கீச்சொலி ஒழிந்தது.

இரண்டாம் கேள்வி: உறுமல் எங்கே நுழைகிறது? கிட்டாரை நேரே ஒலிபெருக்கியில் செருகினால் உறுமல் பெரிதாக இல்லை. கருவியின் வழியாக வந்தால் உறுமுகிறது. கருவியின் உள்வரும் முனையை ஒரு துண்டுக் கம்பியால் பொதுக் கம்பியோடு சேர்த்தேன், உறுமல் நின்றது. கம்பியை எடுத்துவிட்டு டப்பாவின் அருகே கையைக் கொண்டுபோனேன், உறுமல் கூடியது. குற்றவாளி அகப்பட்டான்! நம் வீட்டுச் சுவர்களில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதன் புலம் அறை முழுவதும் பரவியிருக்கிறது. என் டப்பாவோ பிளாஸ்டிக். அதற்குள் ஒரு சாண் நீளக் கம்பி திறந்த மேனியாய்க் கிடந்தது. ஆண்டெனாவுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அம்மாவின் பழைய அலுமினியச் சோற்றுப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அதைப் பொதுக் கம்பியோடு இணைத்து, மேலே வலை சுற்றிய கம்பியை உள்வரும் வழிக்குப் போட்டேன். உறுமல் சுருண்டு படுத்தது. கடத்தியால் சூழப்பட்ட வெளிக்குள் புற மின்புலம் நுழையாது என்பது பாடம். ஃபாரடே கூண்டு என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அது சோற்றுப் பெட்டி வடிவில் வரும் என்று யார் கண்டது?

மூன்றாம் கேள்வி: மீதமுள்ள சீற்றம் நேர் ஒலியிலா, எதிரொலியிலா? எதிரொலியை முழுதும் குறைத்துக் கேட்டேன். நேர் ஒலி தெளிவாக இருந்தது. ஆகவே அழுக்கு பி.டி. 2399-ஐச் சுற்றியே இருக்க வேண்டும். அந்த ஐ.சி.யில் ஒலிக்கென்று ஒரு பொதுக் கால், மூன்றாவது; எண்ணியல் பகுதிக்கென்று ஒரு பொதுக் கால், நான்காவது. நான் இரண்டையும் ஒரே மெல்லிய நீண்ட கம்பியில் கட்டியிருந்தேன். எண்ணியல் பகுதி துடிக்கும்தோறும் அந்தக் கம்பியில் சிறு மின்னழுத்தம் எழும். அது ஒலியின் தரையையே ஆட்டும். மின்வழங்கும் காலுக்கு அருகே இருக்க வேண்டிய 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை, இடம் இல்லையென்று இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தேன். வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது! ஆனால் வரைபடத்தில் கம்பிக்கு நீளம் இல்லை; மேசையின் மேல் இருக்கிறதே! இரு கால்களுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, மின்வழங்கி நுழையும் இடத்தில் மட்டும் ஒன்று சேர்த்தேன். மின்தேக்கியைக் காலோடு ஒட்டி வைத்தேன். சீற்றம் பாதியாகக் குறைந்தது.

போகாத இரைச்சல்

மீதிப் பாதி? அதற்கு நான் மூன்று இரவுகள் செலவிட்டேன். பிறகு அந்த ஐ.சி.யின் தரவுத் தாளை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தாமதம் 31 மில்லி வினாடியாக இருக்கும்போது ஒலியின் சிதைவு 0.13 விழுக்காடு, 342 மில்லி வினாடியாகும்போது 1 விழுக்காடு என்று அதில் இருந்தது. நினைவகம் அளவுக்கு உட்பட்டது. அதில் நீண்ட நேரத்தை அடக்க வேண்டுமென்றால் ஒலியை அரிதாகத்தான் குறித்துவைக்க முடியும். அரிதாகக் குறித்தால் கரடுமுரடு கூடும். அது என் தவறன்று. அந்தக் கருவியின் இயல்பு. திருகியை 300 மில்லி வினாடியோடு நிறுத்தினேன். எதிரொலி செல்லும் வழியில் மட்டும் ஒரு சிறு வடிகட்டி வைத்தேன். நேர் ஒலியைத் தொடவில்லை. தொலைவிலிருந்து திரும்பி வரும் ஓசையில் கூர்மை குறைவது இயற்கைதானே. கேட்பவருக்கும் அது உறுத்தவில்லை.

அதற்கும் கீழே, காதை ஒலிபெருக்கியோடு ஒட்டினால் மட்டும் கேட்கும் ஒரு மெல்லிய சீற்றம் இருக்கிறது. அதுவும் போகாது. மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சலே ஒரு மின்னழுத்தம். 1928-ஆம் ஆண்டில் ஜான்சன் அதை அளந்து வெளியிட்டார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 27 டிகிரி வெப்பத்தில், நம் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில், ஏறத்தாழ 1.8 மைக்ரோ வோல்ட் இரைச்சலை எழுப்பும். எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் எழுப்பும். வெப்பம் உள்ளவரை அந்த ஒலியும் உண்டு.

ஆக, இரைச்சலில் இரு வகை. நம் பிழையால் வருவது, இயற்கையே தருவது. முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதை அறிந்துகொள்ள வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் படிப்பு என்பது என் துணிபு.

செய்முறை ஏட்டுக்கு வருகிறேன்

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தராதது. ஆயினும் சொல்கிறேன்.

முதலாண்டில் கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனை செய்தேன். எனக்கு வந்த விடை 10.86. பக்கத்து மேசை நண்பர்களுக்கு 9.7-ம் 9.8-ம். வியர்த்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரங்களைத் திருத்தி, 9.78 என்று ஏட்டில் அழகாக எழுதினேன். கையொப்பமும் கிடைத்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. இதை நான் ஒருவன்தான் செய்தேன் என்று நம்மில் எவரேனும் மார்தட்டிச் சொல்ல முடியுமா?

கிட்டார்க் கருவி சரியான பிறகு அந்தப் பழைய கரட்டுக் குறிப்பைத் தேடி எடுத்தேன். வரைபடத்திலிருந்து கிடைத்த சம நீளம் 64 செ.மீ.; இருபது அலைவுக்கு 30.5 வினாடி. மற்ற எல்லா வரிசைகளிலும் பிழை ஏறத்தாழ அதே அளவு, அதே திசையில். தற்செயலாக நேரும் பிழை இப்படி வரிசையில் நிற்காது. ஒரு நாள் முழுதும் யோசித்தேன். பிறகு பிடிபட்டது! நிறுத்து கடிகாரத்தை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன். 'சுழி' என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது என்று நான் நினைத்தது பத்தொன்பது. 30.5-ஐப் பத்தொன்பதால் வகுத்துக் கணக்கிட்டேன். விடை 9.80!

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். ஊசல் பொய் சொல்லவில்லை. கடிகாரம் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான். 10.86 என்ற எண் என் பிழையை எனக்குச் சொல்ல வந்தது. நான் அதன் மேல் ஒரு பெரிய கண்டன்சரைப் போட்டு மூடிவிட்டேன். ஓராண்டுக் காலம் என் அறியாமை 9.78 என்ற அழகிய எண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றை வைத்து ஆய்ந்துகொண்டிருந்த பென்சியாஸ், வில்சன் என்னும் இருவருக்கும் ஓர் இரைச்சல் தொல்லை கொடுத்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். பகலிலும் இரவிலும் அதே இரைச்சல். ஆண்டெனாவுக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாக்களை அகற்றினார்கள், எச்சத்தைத் துடைத்தார்கள், இணைப்புகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 3.5 கெல்வின் அளவுக்கு மிகை வெப்பநிலை போகவே இல்லை. அந்த மிகையை அவர்கள் மறைக்கவில்லை. 1965-இல் அப்படியே அச்சில் வெளியிட்டார்கள். பேரண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து எஞ்சி வரும் கதிர்வீச்சு அது என்று விளங்கியது. 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் நம்மைப் போல் 'வர வேண்டிய விடை'யை ஏட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாம் செய்வதெல்லாம் நோபல் பரிசுக்குரியது என்று நான் சொல்லவில்லை. நம் பிழைகளில் பெரும்பாலானவை புறா எச்சம்தான். ஆனால் எச்சத்தைத் துடைக்கவாவது அது இருக்கிறது என்று முதலில் எழுத வேண்டாமா?

அச்சம் எங்கிருந்து வருகிறது?

சோம்பலால்தான் மாணவர்கள் விடையைத் திருத்துகிறார்கள் என்று சிலர் கூறுவர். ஓரளவு உண்மை. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. வீட்டில் எவரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. 'விடை தப்பாக வந்தது, என்ன செய்ய?' என்று கேட்க அண்ணனோ அக்காவோ இல்லை. தப்பான எண் ஒன்று வந்துவிட்டால், அது கருவியின் பிழை என்றோ எண்ணியதில் பிழை என்றோ நமக்குத் தோன்றுவதில்லை. 'இந்த இடத்துக்கு நாம் உரியவர்தாமா?' என்றுதான் தோன்றுகிறது. அந்த ஐயத்தை வெளியே காட்டாமலிருக்கவே நாம் 9.78 எழுதுகிறோம். ஒத்திகையில் எழுந்த சிரிப்பு என்னை உறங்கவிடாததும் இதனால்தான்.

நம் ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மூன்று மணி நேரத்தில் இத்தனை மாணவர்கள், கருவிகளோ குறைவு, பருவத் தேர்வு வேறு கழுத்தை நெரிக்கிறது. ஒவ்வொருவரின் பிழையையும் துருவிப் பார்க்க நேரம் எங்கே என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழைக்கெல்லாம் இடம் கொடுத்தால் மாணவன் கவனமின்றி அளப்பான் என்ற மறுப்பும் வரலாம். ஆனால் இன்று நடப்பது என்ன? கவனமின்றி அளந்தவனும் கவனமாக அளந்தவனும் ஒரே விடையை எழுதுகிறார்கள்; ஏட்டைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியவில்லை. பிழையை ஒளிக்கத் தேவையில்லை என்னும்போதுதான் கவனமாக அளந்தவன் யார் என்பது தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. செய்முறை ஏட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் முடிவு எழுதிய பின் ஒரு பக்கம் விடப்பட வேண்டும். முதலில் என்ன விடை வந்தது, ஏன் மாறியது, காரணத்தை எப்படித் தேடினேன், எது இன்னும் விளங்கவில்லை என்று மாணவன் அதில் எழுதட்டும். ஏட்டுக்குரிய மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு அந்தப் பக்கத்துக்கு இருக்கட்டும். மேலும், பருவத்துக்கு ஒரு நாளேனும், வேண்டுமென்றே பழுதாக்கிய மின்சுற்று ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, 'பழுது எங்கே? கண்டுபிடி' என்று சொல்லுங்கள். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், பணமும் வேண்டாம். இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போகும் நாங்கள் பள்ளியிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ எங்கு அமர்ந்தாலும், எங்களிடம் வருவது ஒழுங்காக ஓடும் கருவிகளா? பழுதானவைதானே வரும்!

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எடுத்த அளவை மையால் எழுதுங்கள், அழிப்பானைத் தொடாதீர்கள். தவறாயின் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அடித்த எண் உங்களை ஒருநாள் கூப்பிட்டுப் பேசும். என்னிடம் 10.86 பேசியது போல!

கச்சேரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆடித் திருவிழாவில் அந்த அலுமினியச் சோற்றுப் பெட்டி மேடையேறியது. அண்ணன் மிதித்தார், கிட்டார் ஒருமுறை பாடி, தொலைவிலிருந்து மறுமுறையும் பாடியது. தபேலாக்காரர் மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கச்சேரி முடிந்து பெட்டியை எடுக்கப் போனபோது அப்பா மேடையருகே நின்றிருந்தார். ஒலிபெருக்கியின் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் உஸ்ஸுன்னு கேக்குதேடா?"

"அது போகாதுப்பா. சூடு இருக்கற வரைக்கும் அது இருக்கும்."

"தேடிப் பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"பாத்துட்டேன்ப்பா."

"அப்பச் சரி" என்றார்.

அந்த 'அப்பச் சரி'யை நான் எந்த ஏட்டிலும் பெற்றதில்லை. தேடிப் பார்த்தவனுக்கு மட்டுமே கிடைக்கும் கையொப்பம் அது. அத்தகைய கையொப்பத்துக்கு நம் செய்முறை ஏட்டிலும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். பிழையை ஒளிக்காமல் எழுதுவோம், எழுதித் தேடுவோம், தேடித் தெளிவோம்!